தலை வலிக்காத நாளில் செய்ய வேண்டிய வேலை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பள்ளிப் பிள்ளைகளின் ஒற்றைத் தலைவலி, அதாவது மைக்ரேன், பற்றி நாலு வரி எழுதியிருந்தேன், மருந்தோடு சேர்த்து உடலைத் தளர்த்தும் பயிற்சியும் பயோஃபீட்பேக்கும் (உடம்புக்குள் நடப்பதைக் கருவியில் பார்த்துப் பார்த்து அடக்கப் பழகுவது) நன்றாக உதவும் என்று. அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நம்ம வடசென்னைப் பக்கத்திலிருந்துதான். நானும் பழைய வண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவள், பன்னிரண்டு வயதிலிருந்து இந்த வலியோடு பழகியவள், இப்போது மருத்துவ உளவியலாளராக இதே பகுதிப் பிள்ளைகளைப் பார்க்கிறவள். அதனால் இந்த இதழின் பக்கம் முழுக்க இதற்கே. நான் மருந்து எழுதும் டாக்டர் இல்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரை பற்றி இங்கே படிப்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

என் மகளுக்கு 13 வயது. வாரத்துக்கு ஒருமுறையாவது தலை விண்ணுவிண்ணென்று தெறிக்கிறது என்று அழுவாள், வாந்தி எடுப்பாள், லைட்டை அணைக்கச் சொல்வாள். டாக்டர் மைக்ரேன் என்றார். மருந்து எழுதியதோடு, ரிலாக்சேஷன் பயிற்சிக்கு சைக்காலஜிஸ்டையும் பார்க்கச் சொன்னார். என் மாமியார், "அப்போ இது மனசு நோயா, ஸ்கூலுக்குப் போகாம இருக்க நடிக்கிறாளா" என்கிறார். எனக்கே குழப்பமாக இருக்கிறது.
ஒரு தாய், தண்டையார்பேட்டை

நடிப்பு இல்லை அம்மா. ஒற்றைத் தலைவலி மூளை நரம்பு சம்பந்தப்பட்ட நோய், பெரும்பாலும் குடும்பத்தில் வருவது. வீட்டிலேயே விசாரித்துப் பாருங்கள், உங்களுக்கோ உங்கள் அம்மாவுக்கோ, ஏன், அந்த மாமியாருக்கே கூட ஒரு காலத்தில் "மண்டையிடி" என்ற பெயரில் இது இருந்திருக்கலாம். பெயரில்தான் ஒற்றை இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பல சமயம் நெற்றி முழுக்க, இரண்டு பக்கமும் வலிக்கும். அதைப் பார்த்துவிட்டு சைனஸ் என்றும், கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்றும் வருடக்கணக்கில் அலைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். இன்னொன்று, பெரியவர்களுக்குப் போல நாள் முழுக்க நீடிக்க வேண்டும் என்பதில்லை, இரண்டு மூன்று மணி நேரத்தில் விட்டுவிடும், ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் பிள்ளை ஒன்றுமே நடக்காதது போலத் தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும். நடிக்கிறாள் என்ற பழி வருவது பெரும்பாலும் அங்கேதான். எனக்கும் வந்தது. எட்டாம் வகுப்பில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததற்கு வகுப்புக்கு வெளியே வெயிலில் நிற்க வைக்கப்பட்டேன், அன்று வராண்டாவிலேயே வாந்தி எடுத்தது இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

சரி, நரம்பு நோய்க்கு எதற்கு சைக்காலஜிஸ்ட்? இந்தப் பிள்ளைகளின் மூளை மாற்றத்தைத் தாங்காது. தூக்கம் குறைந்தால், காலையில் சாப்பிடாமல் ஓடினால், பிரேயரில் வெயிலில் நின்றால், மணலி ஆலைகள் பக்கத்திலிருந்து காற்று திரும்பி நெடி அடித்தால், மாதவிலக்கு நெருங்கினால், பரீட்சை வந்தால், சில பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்த மறுநாள் கூட, முகத்துக்கும் மூளையைச் சுற்றியுள்ள உறைக்கும் போகிற நரம்பு கிளர்ந்துகொள்கிறது, வலி கிளம்புகிறது. மன அழுத்தம் இந்த நோயை உண்டாக்குவதில்லை, இருக்கிற நோயைத் தூண்டிவிடுகிறது. பதற்றத்தில் உடம்பு என்ன செய்யும் என்று கவனித்திருப்பீர்கள்: நெஞ்சு படபடக்கும், தோளும் தாடையும் இறுகும், விரல் நுனி சில்லிட்டுப் போகும். அந்த உயரத்திலிருந்து உடம்பைத் தானாகவே இறக்கிக்கொள்ள ஒரு பிள்ளைக்குக் கற்றுக் கொடுக்க முடியும், சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுக்கிற மாதிரி. அதற்குத்தான் அனுப்பியிருக்கிறார்.

மாமியாருக்குச் சொல்ல ஒரு கணக்கும் தருகிறேன். அமெரிக்காவில் 10 முதல் 17 வயது வரை உள்ள, மாதத்தில் பாதி நாளோ அதற்கு மேலோ தலைவலியில் கிடந்த 135 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2013இல் வெளியானது. எல்லோருக்கும் அமிட்ரிப்டிலின் என்ற தடுப்பு மாத்திரை உண்டு. பாதிப் பேருக்குத் தலைவலி பற்றிய பாடம் மட்டும் நடத்தினார்கள், மீதிப் பேருக்கு வலியைச் சமாளிக்கும் உளவியல் பயிற்சி, அதற்குள்ளேயே தளர்வுப் பயிற்சியும் பயோஃபீட்பேக்கும். 20 வாரம் கழித்துப் பார்த்தால், தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழேயோ குறைந்தவர்கள் பயிற்சி எடுத்த பிரிவில் 66 சதவீதம், பாடம் மட்டும் கேட்ட பிரிவில் 36 சதவீதம். மாத்திரை இரண்டு பக்கமும் ஒன்றுதான், வித்தியாசம் முழுக்கப் பயிற்சியால் வந்தது.

ஆனால் எல்லாத் தலைவலியும் மைக்ரேன் இல்லை. திடீரென்று இடி விழுந்த மாதிரி வந்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், கை கால் இழுத்தாலோ பலம் குறைந்தாலோ, வலிப்பு வந்தால், தலையில் அடிபட்ட பிறகு வந்தால் நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். தினமும் விடியற்காலையில் வலியே எழுப்பிவிட்டு வாந்தியும் வந்தால், இருமினால் தும்மினால் கூடினால், வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனால் தள்ளிப்போடாமல் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். நம் பக்கத்துக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே நரம்பியல் பிரிவு இருக்கிறது.

எனக்கு 15 வயசு, ஃபுட்பால் ஆடுவேன். யூடியூபில் பார்த்து மூச்சுப் பயிற்சி செய்யப் பார்த்தேன். வீட்டில் ஒரே ரூம், அஞ்சு பேர், டிவி ஓடும், கீழே தண்ணி லாரி வந்தா ஒரே சத்தம். "அமைதியான அறையில் அமரவும்" என்கிறார்கள். நான் எங்கே போறது அக்கா?
வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி

தம்பி, நீ கேட்டதுதான் இத்தனை கடிதத்திலும் எனக்குப் பிடித்த கேள்வி, ஏனென்றால் இந்தப் பயிற்சிகளை எழுதுகிறவர்கள் தனி அறை இருக்கிற பிள்ளையை நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள். அமைதியான அறை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பயிற்சி நடக்காது என்று ஒன்றும் இல்லை. என்னிடம் வந்த பிள்ளைகள் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் செய்திருக்கிறார்கள், சர்ச்சின் கடைசி பெஞ்சில் செய்திருக்கிறார்கள், கும்மிடிப்பூண்டி ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். உனக்கு இன்னும் நல்ல இடம் ஒன்று இருக்கிறது. பிராக்டிஸ் முடிந்து எல்லோரும் ஷூவைக் கழற்றும்போது கிரவுண்டின் ஓரத்திலேயே பத்து நிமிடம் படுத்துக்கொள். உடம்பு ஏற்கெனவே களைத்திருக்கும், தளர்வது சுலபமாக வரும்.

என்ன செய்வது என்று சொல்கிறேன். முதல் வாரம் மூச்சு மட்டும். ஒரு கையை வயிற்றின் மேல் வை. மூக்கு வழியாக மெதுவாக இழு, மனதுக்குள் நாலு எண்ணு, வயிறு கையைத் தூக்க வேண்டும், நெஞ்சு ஏறக் கூடாது. அப்புறம் ஆறு எண்ணும் வரை விடு, சூடான டீயை ஆற்றுகிற மாதிரி உதட்டைக் குவித்து. அடக்கிப் பிடிக்கவே வேண்டாம். இப்படிப் போனால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். அந்த வேகத்தில் இதயத் துடிப்பும் மூச்சும் ஒன்றுக்கொன்று இசைந்து ஏறி இறங்கும், உடம்பின் பிரேக் போடுகிற நரம்புகள் வேலையை எடுத்துக்கொள்ளும். தலை சுற்றினால் வேகமாகவோ ஆழமாகவோ இழுக்கிறாய் என்று அர்த்தம், குறைத்துக்கொள்.

இரண்டாவது வாரம் தசை. இதை எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க டாக்டர் 1920களில் உருவாக்கினார். அவர் கவனித்தது எளிமையான விஷயம்தான், தசை இறுகியிருப்பதே பல பேருக்குத் தெரிவதில்லை, வேண்டுமென்றே இறுக்கிவிட்டு விட்டால்தான் தளர்வது எப்படி இருக்கும் என்பது பிடிபடுகிறது. பாக்ஸிங் ஆடுகிற பையன்கள் முஷ்டி பிடிப்பதைப் பார்த்திருப்பாயே, அந்த மாதிரி வலது கையை ஐந்தாறு நொடி இறுக்கிப் பிடி, பிறகு சட்டென்று விட்டுவிடு. விட்ட பிறகு அரை நிமிடம் அந்தக் கையிலேயே கவனம் இருக்கட்டும், அவசரப்பட்டு அடுத்ததுக்குத் தாவாதே, பயிற்சியே அந்த அரை நிமிடத்தில்தான் இருக்கிறது. அப்புறம் இடது கை, தோளைக் காது வரை தூக்கி விடுவது, நெற்றியைச் சுருக்கி விடுவது, கண்ணை மூடி இறுக்கி விடுவது, பல்லைக் கடித்துத் தாடையை விடுவது, வயிறு, தொடை, பாதம். கழுத்தை மட்டும் முரட்டுத்தனமாக இறுக்காதே. மொத்தம் பதினைந்து நிமிடம். மைக்ரேன் பிள்ளைகள் பலர் தாடையையும் தோளையும் நாள் முழுக்க இறுக்கிக்கொண்டே இருப்பார்கள், அதைக் கண்டுபிடிக்கும்போது அவர்கள் முகத்தில் வருகிற ஆச்சரியத்தைப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் ஒரே ஒரு வார்த்தையை மனதுக்குள் சொல்லிப் பழகு, "விடு" என்றோ "ஆச்சு" என்றோ. ஒரு மாதம் ஆன பிறகு அந்த வார்த்தையைச் சொன்னாலே தோள் இறங்கும். பெனால்டி அடிக்கப் போகும்போது, கேள்வித்தாள் கையில் வரும்போது, பஸ்ஸில் நிற்கும்போது எல்லாம் அரை நிமிடம் இதைச் செய்யலாம், பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கூடத் தெரியாது. சத்தம் பற்றிக் கவலைப்படாதே, சத்தத்துக்கு நடுவில் கற்றுக்கொண்டவனுக்குச் சத்தத்துக்கு நடுவில்தானே அது தேவைப்படப் போகிறது. ஒன்றே ஒன்று, மேட்சில் தலை மோதி அதன் பிறகு வலி வந்தால் படுத்து மூச்சுவிட்டுக்கொண்டிருக்காதே, ஆட்டத்திலிருந்து வெளியே வந்து அன்றைக்கே டாக்டரைப் பார்.

மேடம், பயோஃபீட்பேக் மெஷின் ஆன்லைனில் பல ஆயிரம் ரூபாய் போட்டிருக்கிறார்கள். நான் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். பையனுக்குத் தேவை என்றால் கடன் வாங்கியாவது வாங்கிவிடுவேன். அது உண்மையில் என்ன செய்யும்?
ஒரு தந்தை, எர்ணாவூர்

கடன் வாங்காதீர்கள் சார், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த மெஷின் உடம்புக்குள் எதையும் அனுப்பாது, கரண்ட் வைக்காது, வலியை எடுக்காது. கண்ணாடி எப்படி முகத்தைக் காட்டுகிறதோ அப்படி உள்ளே நடப்பதைக் காட்டும், அவ்வளவுதான். மூன்று விதம் அதிகம் பயன்படுகிறது. நெற்றியில் சென்சார் ஒட்டி, தசை இறுகினால் சத்தம் கூடும், தளர்ந்தால் குறையும் என்று கேட்க வைப்பது ஒன்று. காதிலோ விரலிலோ கிளிப் மாட்டி, மூச்சோடு இதயத் துடிப்பு எப்படி ஏறி இறங்குகிறது என்று திரையில் காட்டுவது ஒன்று. மூன்றாவது, விரல் நுனியின் சூட்டை அளப்பது. ஒற்றைத் தலைவலிக்கு ஆரம்பத்திலிருந்தே பேசப்படுவது இந்த மூன்றாவதுதான். 1960களின் கடைசியில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் மெனிங்கர் என்ற மனநல மையத்தில் ஆய்வுக்கு வந்த ஒரு பெண்ணுக்கு மைக்ரேன் விட்ட நேரமும் கை சட்டென்று சூடேறிய நேரமும் ஒன்றாக இருந்ததைக் கவனித்தார்கள், அங்கிருந்துதான் கையைச் சூடாக்கும் பயிற்சி கிளம்பியது. தலையிலிருக்கும் ரத்தம் கைக்கு இறங்குவதால் வலி போகிறது என்று அன்று விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கம் இன்று நிற்கவில்லை, பயிற்சி மட்டும் நிலைத்துவிட்டது. பதற்றத்தில் விரலின் சிறு ரத்தக் குழாய்கள் சுருங்கும், கை குளிரும். உடம்பு நிதானமானால் குழாய்கள் விரியும், கை சூடாகும். அதனால் விரல் சூடு என்பது உள்ளே எவ்வளவு நிதானம் என்று எட்டிப் பார்க்கிற ஒரு ஜன்னல்.

இப்போது நம்ம ஊர் வழி. கொளத்தூரில் கலர் மீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன அல்லவா, அங்கே மீன் தொட்டிக்கு என்று சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் விற்பார்கள், நீளமான ஒயர், அதன் நுனியில் ஒரு சென்சார், சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது, அது ஒரு தடவை காட்டிவிட்டு நின்றுவிடும், நமக்கு ஏறுவதும் இறங்குவதும் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். சென்சாரை ஆள்காட்டி விரலின் சதைப் பகுதியில் வைத்து, மெடிக்கலில் கிடைக்கிற பேப்பர் பிளாஸ்திரியால் லேசாக ஒட்டுங்கள், விரலைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று எண் தப்பாக வரும். ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும், எண்ணை எழுதிக்கொள்ளட்டும். அப்புறம் அந்த மெதுவான மூச்சு, கூடவே கை சூடாக இருப்பது போன்ற ஒரு நினைப்பு. என்ன நினைப்பது என்று பையனே தேர்ந்தெடுக்கட்டும். ஒருத்திக்கு டீ கிளாஸ், ஒருவனுக்குக் கடற்கரையில் வாங்கிய சூடான வேர்க்கடலைப் பொட்டலம், லாரி இன்ஜின் மேல் கையை வைத்தது கூட உங்கள் பையனுக்கு வரலாம். "என் கை கனமாக இருக்கிறது, சூடாக இருக்கிறது" என்று நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஏறியே ஆக வேண்டும் என்று முக்கினால் எண் இறங்கும், இது எல்லாப் பிள்ளைக்கும் முதல் இரண்டு நாளில் நடக்கும், சிரிப்பாக இருக்கும், அதிலேயே அவன் பாதி கற்றுக்கொண்டுவிடுவான்.

பத்து பதினைந்து நிமிடத்தில் ஒன்றிரண்டு டிகிரி ஏறினாலே நல்ல முன்னேற்றம். வெளிநாட்டுப் புத்தகங்களில் 35 டிகிரி செல்சியஸ் வரை கொண்டுபோகச் சொல்வார்கள், அது குளிர் நாட்டுக் கணக்கு. சென்னை மே மாத மதியத்தில் பையன் சும்மா உட்கார்ந்திருந்தாலே விரல் அந்த அளவில்தான் இருக்கும், அதற்கு மேல் ஏற இடம் இல்லை. அதனால் விடியற்காலையிலோ, மழை நாளிலோ, குளித்துவிட்டு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தோ செய்யட்டும், எந்த எண்ணைத் தொட்டான் என்பதை விட எங்கிருந்து எவ்வளவு ஏறினான் என்று பாருங்கள். இப்படி ஒரு மாதம் ஆனதும் தெர்மாமீட்டரைப் பார்க்காமல் செய்யச் சொல்லிவிட்டுக் கடைசியில் மட்டும் எண்ணைப் பாருங்கள். மெஷின் இல்லாமலே கை சூடாகிற நாள் வந்தால் மெஷினின் வேலை முடிந்தது. முடிந்தால் தொடக்கத்தில் நாலைந்து முறையாவது ஒரு மருத்துவ உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும், மெஷினுக்குப் போடுகிற பணத்தில் ஒரு பங்கு போதும்.

பேரனுக்குத் தலைவலி வந்தா தைலம் தேய்ச்சு விடுவேன். இப்போ "வேணாம் ஆயா, நாத்தம்" என்று தள்ளி விடுகிறான். தைலம் தப்பா?
ஒரு ஆயா, காசிமேடு

தப்பு இல்லை ஆயா, ஆனால் மைக்ரேன் நேரத்தில் வாசனையே பல பிள்ளைகளுக்குக் குமட்டும். அவனுக்குப் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். ஈரத் துணியை நெற்றியில் போட்டு, ஜன்னலை மூடி, மீன் குழம்புத் தாளிப்பையும் ஊதுவத்தியையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, உள்ளங்காலை மெதுவாகப் பிடித்துவிடுங்கள். உங்கள் கை பட்டால் அவன் தோள் இறங்கும், அதுவும் தளர்வுப் பயிற்சிதான்.

ப்ளஸ் டூ படிக்கிறேன். வாரத்துக்கு நாலு நாள் தலை வலிக்குது. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுட்டு டியூஷன் போயிடுவேன். வீட்டில் சொன்னா படிப்பை நிறுத்திடுவாங்களோன்னு பயம். பயிற்சி செய்ய நேரமே இல்ல.
பெயர் வேண்டாம், ராயபுரம்

கண்ணு, இன்று ராத்திரியே அம்மாவிடம் சொல்லிவிடு, இந்தப் பக்கத்தையே கையில் கொடுத்துவிடு. பயப்படுத்தச் சொல்லவில்லை, நீ எழுதியிருக்கிற கணக்குதான் எனக்குக் கவலை. சாதாரண வலி மாத்திரையே மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைப் பெருக்கிவிடும். பல மருந்து கலந்த மைக்ரேன் மாத்திரை என்றால் பத்து நாளே போதும். வாரத்துக்கு நாலு நாள் என்றால் மாதத்துக்குப் பதினாறு பதினேழு ஆகிறது, பார். போட்டால் சில மணி நேரம் விடும், திரும்ப வரும், திரும்பப் போடுவாய், இந்தச் சுழலுக்குள் நீ போய்க்கொண்டிருக்கிறாய், ஒருவேளை போயே விட்டாய். வெளியே வர வழி இருக்கிறது, ஆனால் அதை டாக்டரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். அப்புறம் ஆஸ்பிரின் கலந்த மாத்திரை உன் வயதில் வேண்டாம், அரிதாக வந்தாலும் ஈரலையும் மூளையையும் தாக்கும் ஆபத்து ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் காய்ச்சலோடு தலை வலித்தால் டெங்கு இல்லை என்று தெரியும் வரை ஐபுப்ரோஃபெனையும் தொடாதே.

நேரம் பற்றிச் சொல்கிறேன். உனக்குப் புதிதாக ஒரு மணி நேரம் வேண்டாம். இரவு படுத்ததும் பதினைந்து நிமிடம் தசைப் பயிற்சி, அது முடிவதற்குள் தூங்கிவிட்டாலும் நல்லதுதான். பகலில் பாடம் மாறும்போதெல்லாம் ஒரு நிமிடம் மூச்சு. உன் வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் தேவை, ப்ளஸ் டூ பிள்ளைக்கு அது கிடைக்காது என்று எனக்கும் தெரியும், குறைந்தபட்சம் படுக்கிற நேரமும் எழுகிற நேரமும் தினம் மாறாமல் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணி வரை தூங்கி எழுந்தால் அந்தத் தூக்கமே வலியைக் கொண்டுவரும். ஒரு நோட்டில் தேதி, வலி பத்துக்கு எத்தனை, என்ன மாத்திரை, மாதவிலக்கு நாள், காலையில் சாப்பிட்டாயா, இந்த ஐந்தை மட்டும் எழுது. மாதவிலக்குக்கு இரண்டு நாள் முன்னாலிருந்து ஹார்மோன் இறங்கும்போது வலி வருகிறதா என்று இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும், டாக்டருக்கு அந்த நோட்டு மிகவும் உதவும். ராத்திரியில் எதுவுமே பிடிக்கவில்லை, இருக்கவே வேண்டாம் என்கிற மாதிரி நினைப்பு வந்தால் 14416க்கு போன் செய், அரசின் இலவச மனநல உதவி எண், தமிழில் பேசலாம்.

அரசுப் பள்ளி ஆசிரியை நான். மைக்ரேன் உள்ள இரண்டு மாணவிகள் என் வகுப்பில். பள்ளியில் நாங்கள் என்ன செய்யலாம்?
ஓர் ஆசிரியை, திருவொற்றியூர்

கேட்டதற்கே நன்றி டீச்சர். அவர்கள் தண்ணீர் குடிக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். கழிவறைக்குப் போகப் பிடிக்காமல் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகள் எத்தனையோ பேர், நான்கூட அப்படித்தான் இருந்தேன். சுத்தமான கழிவறை இந்த நோய்க்கு ஒரு சிகிச்சை, இதை எழுதும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. காலையில் சாப்பிடாமல் வந்தார்களா என்று கேளுங்கள். வெயில் படாத பெஞ்ச் கொடுங்கள். கண்ணில் பூச்சி பறக்கிற மாதிரி, எழுத்து மறைகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னால் அது வலி வருவதற்கு முந்தைய அறிகுறியாக இருக்கலாம், அப்போதே டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் போட விட்டு, அரை மணி நேரம் இருட்டான மூலையில் படுக்க விடுங்கள், உடனே வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். முதல் பீரியடில் வகுப்பு முழுவதற்கும் மூன்று நிமிடம் மெதுவான மூச்சு வைத்தால் அந்த இரண்டு பேரும் தனியாகத் தெரிய மாட்டார்கள்.

மூன்று வாரமாகப் பயிற்சி செய்ய வைக்கிறோம், ஒரு மாற்றமும் இல்லை. பயிற்சியை நிறுத்திவிடலாமா? அல்லது பயிற்சி இருக்கிறதே, மாத்திரையை நிறுத்திவிடலாமா?
பெற்றோர், பெரம்பூர்

இரண்டையும் நிறுத்தாதீர்கள். மூன்று வாரம் போதாது, வாரத்தில் ஐந்தாறு நாள் வீதம் எட்டு வாரமாவது செய்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கடிதத்தில் இன்னொரு வரி எழுதியிருக்கிறீர்கள், "வலி வந்ததும் உடனே உட்கார வைத்துச் செய்யச் சொல்கிறோம்" என்று. சிக்கல் அங்கேதான். புயலடிக்கும்போது கட்டுமரத்தைக் கடலில் தள்ளி யாரும் துடுப்புப் போடக் கற்றுக் கொடுப்பதில்லை. கற்றுக்கொள்வது தலை தெளிவாக இருக்கிற நாட்களில், வலியே இல்லாத சாயங்காலங்களில். வலிக்கும்போது மட்டும் செய்தால் பிள்ளையின் மனதில் பயிற்சியும் வலியும் ஒட்டிக்கொள்ளும், பிறகு பாயை விரித்தாலே எரிச்சல் வரும்.

மாத்திரை பற்றி. 2017இல் 8 முதல் 17 வயது வரை உள்ள 361 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. தடுப்பு மருந்தாகக் கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலின், டோபிராமேட் இரண்டையும் வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். தலைவலி நாட்கள் பாதிக்கு மேல் குறைந்தவர்கள் 52, 55 சதவீதம். மருந்தே இல்லாத வெறும் மாத்திரையில் 61. இதைப் படித்துவிட்டு மருந்து வீண், வலி பொய் என்று சொல்கிறவர்கள் உண்டு, இரண்டும் தவறு. நான் இதைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது வேறு. அந்தப் பிள்ளைகள் எல்லோரையும் யாரோ ஒருவர் ஒழுங்காகப் பார்த்தார்கள், நாள் தவறாமல் குறிப்பு எழுத வைத்தார்கள், குறையும் என்று நம்பிக்கை கொடுத்தார்கள், அதற்கு ஒரு வளரும் மூளை இவ்வளவு பதில் சொல்கிறது. உங்கள் பிள்ளைக்கு எந்த மருந்து, எத்தனை மாதம் என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், சில மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் கெடுதல். பயிற்சி உங்கள் வீட்டு வேலை. நீங்களும் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துச் செய்யுங்கள், "செஞ்சியா செஞ்சியா" என்று கேட்டு விரட்டுவதைவிட அது பல மடங்கு நன்றாக வேலை செய்கிறது என்பதை நான் வீடு வீடாகப் பார்த்திருக்கிறேன். முழுக்கப் போய்விடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. மாதத்துக்கு எட்டு நாள் நாலாக இறங்கினால், பத்தில் ஒன்பதாக இருந்த வலி ஆறாக இறங்கினால், அந்த நாலு நாளும் உங்கள் பிள்ளை பள்ளியில் இருப்பான்.

அக்கா, நான் தினமும் செஞ்சேன். ஒரு நாள் கூட விடல. ஆனா நேத்து ரொம்ப வலிச்சுது, மூச்சு விட்டும் போகல. நான் தப்பா செஞ்சேனா?
வயது 12, மூலக்கொத்தளம்

தப்பே செய்யவில்லை டா கண்ணா. சில வலி எவ்வளவு நன்றாகப் பயிற்சி செய்தாலும் வரும், எனக்கும் போன மாதம் வந்தது. அந்த மாதிரி நேரத்தில் கை சூடாகிறதா, தசை தளர்கிறதா என்றெல்லாம் பார்க்காதே. டாக்டர் கொடுத்த மாத்திரையை ஆரம்பத்திலேயே கொடுக்கச் சொல்லி அம்மாவிடம் கேள், தாங்க முடியும் என்று காத்திருக்காதே. கொஞ்சம் தண்ணீர் குடி, இருட்டில் படு, மூச்சை வெளியே விடுவதை மட்டும் மெதுவாக விடு, எண்ண வேண்டாம். தூக்கம் வந்தால் தூங்கிவிடு. நாளை மறுநாள் தலை தெளிந்ததும் பழையபடி ஆரம்பி, அன்றைக்கு விரல் சூடு எத்தனையில் தொடங்கி எத்தனைக்குப் போனது என்று ஒரு அஞ்சலட்டையில் எழுதிப் போடு, நான் பார்க்கிறேன்.